பெருக்காமல் விட்ட இடம்

இன்று காலை செராஸ் ரோட்டில் ஒருவர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரோடு பெருக்குகிறவர் அவர். தூங்குமூஞ்சி மரத்தடியில் இலைகளைக் கூட்டிக் குவித்துவிட்டு வெற்றிலை போட ஒதுங்கியிருக்கிறார். திரும்பி வந்தால், வெள்ளை வேட்டி கட்டிய வழுக்கைத் தலையன் ஒருவன் குந்தி உட்கார்ந்து அந்தக் குவியலைக் கோணிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறான்.

"ஐயா, அது குப்பைங்க."

"தெரியும்பா."

"எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டுக்கு."

அவர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்திய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே அனுப்பச் சொல்லலாமா, நாளை வரை பொறுக்கலாமா என்று யோசிக்கிற முகம். நானும் பென்ஷன்காரனுக்கு உரிய மிடுக்கோடு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சாக்கின் அடி கிழிந்திருந்தது எனக்குத் தெரியாது. வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் இலை. அந்த மனிதர் அதைப் பெருக்கிக்கொண்டே பின்னால் வந்திருக்கிறார். என் சாக்கில் மிஞ்சியது பாதிதான். மீதி அவர் முறத்தில் இருந்தது. அதை நீட்டி, "இதுவும் வேணுங்களா?" என்று கேட்டார். வேணும் என்றேன். வேறென்ன சொல்ல?

கொல்லையில் கொட்டிவிட்டுக் கையை முகர்ந்தேன். மழையில் ஊறி, பாதி காய்ந்து, மறுபடி ஊறிய இலையின் வாடை. மண்ணும் காளானும் கலந்த அந்த வாடை உன் கொல்லையின் வாடை, தம்பி. பிரிக்ஃபீல்ட்ஸில் நீயும் நானும் அடுத்தடுத்து இருந்த காலத்தில், எனக்கு வயிற்றெரிச்சலுக்கு ஒரு வாடை உண்டென்றால் அது இதுதான்.

சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி இரண்டு வீடு நம்முடையது. நடுவே ஒரே சுவர். நான் கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதுகிற கிராணி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பதில் இரண்டு கதையும் வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீ இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். கல்யாணம் செய்துகொள்ளாத ஆள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குச் சலவை வேட்டி, மற்ற நாளெல்லாம் கரி. நம் கொல்லைகளுக்கு அப்பால், செங்கல் சூளைக்காரர்கள் களிமண் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளங்களில் தண்ணீர் நின்று கோரை மண்டிக் கிடந்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலி. என் பக்கத்தை நான் ஒழுங்காகக் கத்தரித்தேன். உன் பக்கத்தை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதித் தலை சிரைத்துக்கொண்டிருக்கும்போது ரயிலுக்கு நேரமாகி எழுந்து ஓடியவன் மாதிரி நின்றது அந்த வேலி.

என் கொல்லையைப் பற்றி நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் சொல்ல இப்போது மிச்சம் இருப்பது நான்தானே. காலையும் மாலையும் விளக்குமாறு. புல் தலை நீட்டினால் வேரோடு பிடுங்குவேன். அப்போது என் தலையில் முடி இருந்தது, கொல்லையில் புல் இல்லை. இப்போது அப்படியே தலைகீழ். வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டிவிட்டு அப்புறம்தான் கோப்பி. "இலை போடாமலே சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கே, கிராணியாரே!" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை முதுகுவலியும்.

உன் கொல்லையில் விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடந்தது. கொடி ஏற நினைத்த இடத்தில் ஏறியது. வேலி முடிகிற மூலையில் பட்டுப்போன பலாமரம் ஒன்று நின்றது. உன் பக்கமா என் பக்கமா என்று யாரும் கேட்டதில்லை. நல்ல பொருளாயிருந்தால் கேட்டிருப்போம். அதில் என்றோ ஒரு மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்து. அந்தப் பொந்தில்தான் வந்து குடியேறியது அது.

மலாய்க்காரர்கள் முராய் என்பார்கள். மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு. வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் நடக்கிற புது ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி உன் சருகுகளில் நடக்கும். ஓர் இலையைப் புரட்டும், புழுவை எடுக்கும், அடுத்த இலை. விடிகிற நேரத்தில் பலாமரத்து உச்சியில் ஏறி ஒரு பாட்டு. அப்படி ஒரு பாட்டு! அது மட்டுமா? கோரையிலிருந்து கானாங்கோழி குஞ்சுகளோடு உன் கிணற்றடி வரை வரும். மீன்கொத்தி உன் துணிக்கொடியில் உட்காரும். ஒரு உடும்பு, கடன்காரன் மாதிரி அல்ல, சொந்தக்காரன் மாதிரி உன் பின்வாசலைத் தாண்டிப் போகும். என் பக்கம் ஒரு தவளைகூட எட்டிப் பார்க்காது.

"என்னப்பா செய்றே இதுங்களுக்கு? மருந்து கிருந்து வைக்கிறியா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் ஒண்ணும் செய்யலைண்ணே. செய்யாம இருக்கேன், அவ்வளவுதான்."

ஒரு மனிதனின் சோம்பேறித்தனத்துக்கு உலகத்துப் பறவையெல்லாம் வந்து மாலை போடுகிறது. அடுத்த வீட்டில் முதுகு ஒடியப் பெருக்குகிறவனுக்கு ஒன்றுமில்லை. இது எந்த ஊர் நியாயம்?

அதுவரைக்கும் இருந்தது சும்மா அக்கம்பக்கத்துப் பொறாமை. அது உள்ளே இறங்கி வேர் பிடித்தது என் மகள் பாக்கியத்துக்கு அம்மை வந்தபோது. அம்மை இறங்கியும் பிள்ளைக்கு எழுந்து நடக்கத் தெம்பு வரவில்லை. கஞ்சி இறங்கவில்லை. பின்பக்க ஜன்னலோரமாகப் படுக்கை போட்டுக் கொடுத்திருந்தோம். ஒருநாள் விடியற்காலை உன் முராய் பாடியபோது, குழந்தை தானாக எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குக் கஞ்சி முழுவதும் குடித்தாள். நீ அக்கா என்று கூப்பிடுவாயே, என் வீட்டுக்காரி, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் குழந்தை என்னைப் பார்த்துச் சொன்னது என்ன தெரியுமா?

"அப்பா, மாமா வீட்டுக் குருவி பாடுது."

மாமா வீட்டுக் குருவி! பெற்றவன் நான். இரவெல்லாம் விசிறியவன் நான். கஞ்சி குடிக்க வைத்தது மாமா வீட்டுக் குருவி.

நம் வீட்டுக்கு ஒரு குருவி வந்தாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் தட்டில் அரிசி வைத்தேன். பக்கத்து வரிசைக் கோழிகள் வந்தன. பிறகு மண்ணெண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு, பச்சைப் பெயிண்ட் அடித்து, துணிக்கொடிக் கம்பத்தில் கட்டினேன். பொந்துதானே வேண்டும், இதோ பொந்து. வெயிலில் அதைத் தொட்டால் கை பொரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் அதற்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ஆசையாகக் காதை வைத்தேன். குளவி. வீங்கிய காதை மறைக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"குருவிக்குக் கட்டின வீட்டுல குளவி குடி வந்திருக்கு," என்று உன் அக்கா வேலி வழியாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாடகையை அவர் காதுலயே குடுத்துட்டுப் போச்சு தம்பி."

நீ சிரித்த சிரிப்பு கூட்ஸ் ஷெட் வரை கேட்டிருக்கும்.

அப்புறம்தான் அந்தப் பெரிய அறிவு வந்தது எனக்கு. வராவிட்டால் என்ன, வாங்கலாமே. பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் பறவை விற்கிற சீனரிடம் போனேன். பிரம்புக் கூண்டில் ஒரு முராய், சாட்சாத் உன்னுடையது போலவே.

"பாடுமா?"

"பாடும்லா அண்ணே! நீங்க தூங்கவே முடியாது."

கூண்டைப் பாக்கியத்தின் ஜன்னலுக்கு நேரே மாட்டினேன். அது உன் கொல்லைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. பாடவில்லை. மறுநாளும் பாடவில்லை. அதற்கு அடுத்த நாள் பாட்டுக் கேட்டது, ஓடிப் போய்ப் பார்த்தேன். பாடியது உன்னுடையது. என் கூண்டின் மேலேயே வந்து உட்கார்ந்து, இறக்கையை விரித்து, கம்பிகளுக்குள் கொத்திக் கொத்திப் பாடியது. உள்ளே இருந்ததற்குப் போக இடமில்லை. மூலையில் ஒடுங்கியது. அதன் இறகுகள் குழந்தையின் படுக்கையில் வந்து விழுந்தன. பாக்கியம் அழ ஆரம்பித்தாள்.

நீ வேலியைத் தாண்டி வந்தாய். உன்னுடையதைக் கைதட்டி விரட்டினாய்.

"அது பாட்டு இல்லேண்ணே, அதட்டல். இது என் இடம், நீ யாருடான்னு கேக்குது. அது தெனம் பாடுறதுல பாதி அந்தச் சங்கதிதான்."

அந்த நிமிஷம் எனக்கு முராய்ப் பாஷை புரிந்துவிட்டது. ஒரு வருஷமாக நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மனசுக்குள் அதைத்தானே பாடிக்கொண்டிருந்தேன்.

"இத நான் கொண்டு போய் விட்டுட்டு வரட்டுமாண்ணே? கிள்ளான் லைன்ல, சுங்கை வே தாண்டி ஒரு புதர்க்காடு இருக்கு. அங்க இன்னும் யாரும் பட்டா போடல."

கொடுத்தேன். குருவிக்கு வேண்டியது அரிசியும் இல்லை, பெட்டியும் இல்லை, நானும் இல்லை, இடம்தான் என்று நீ அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூண்டை இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போனாய். திரும்பி வந்தபோது கேட்டேன்.

"பறந்துச்சா?"

"பறந்துச்சுண்ணே."

"பாடுச்சா?"

"வண்டி கெளம்பிடுச்சு. நாங்க போனப்புறம் பாடியிருக்கும்."

நான் வாங்கிய பறவையும் கடைசியில் நீ விட்ட பறவை ஆயிற்று. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பாக்கியம் அப்படித்தான் சொன்னாள்.

அந்த வருஷம் மழை விட்டதும் நம் வரிசையில் காய்ச்சல் கண்டது. கொசுதான் காரணம், வீடுகளுக்குப் பின்னால் உள்ள புதரையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதைத் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். காய்ச்சலில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். வேலையாட்களை மேற்பார்க்கிற ஒரு மண்டோர், பாராங் கத்திகளோடு ஆட்கள், பள்ளத்துத் தண்ணீரில் ஊற்ற எண்ணெய் டின்கள். நீ சரக்கு வண்டியில் கிள்ளானுக்குப் போயிருந்தாய். எனக்கு லீவு நாள்.

என் கொல்லையைப் பார்த்ததும் மண்டோர் தொப்பியைக் கழற்றினார். "இப்படி இருந்தா எங்களுக்கு ஏங்க வேலை?" என்றார். நான் எத்தனையோ நாளாகக் காத்திருந்த வார்த்தை. அடுத்து உன் கொல்லை. வேலி போயிற்று. கொடிகள் போயின. கோரை சாய்ந்தது. சருகையெல்லாம் வாரி ஒரு பக்கம் அம்பாரமாகக் குவித்தார்கள், மறுநாள் கொளுத்த. மறைக்க மாட்டேன் தம்பி, ஒவ்வொரு வெட்டுக்கும் என் உள்ளே எதுவோ குளிர்ந்தது. இனிமேல் உன் பக்கமும் என் பக்கமும் ஒன்று. இனி வா, முராய், இப்போது யார் வீட்டுக்குப் போவாய் பார்ப்போம்.

பலாமரத்தடிக்கு வந்து மண்டோர் நின்றார்.

"கிராணியாரே, இந்தப் பட்ட மரம் யாரோடது?"

பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் கீச்சுக் கீச்சு. தாய் முராய் வாயில் புழுவோடு துணிக்கொடியில் உட்கார்ந்து, ஆட்களைப் பார்த்துப் பார்த்து, உள்ளே போக முடியாமல் தவித்தது. ஜன்னலில் பாக்கியத்தின் முகம். 'அந்த ஃபயர்மேனோடது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்னோடது," என்றேன்.

"உங்களோடதா?" அவர் என் கொல்லையை ஒரு தரம் பார்த்தார், மரத்தை ஒரு தரம் பார்த்தார். "உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கட்டை?"

"வெறகுக்கு. காயட்டும்னு விட்டு வச்சிருக்கேன். தண்ணி நிக்கிற டின்னு, கொட்டாங்குச்சி எல்லாம் நானே பொறுக்கித் தர்றேன். மரத்தை மட்டும் தொடாதீங்க."

விறகுக்கா! அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் 'என்னோடது' எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் என்னை அதுவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை. அந்த மரமும் அந்தப் பாட்டும் என்னுடையது என்று ஒரு மனிதர் முன்னால் சத்தமாகச் சொல்ல ஒரு சந்தர்ப்பம். விட மனசு வருமா?

மரம் தப்பியது. சுற்றி எல்லாம் வழித்த மாதிரி ஆகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரி முகத்தோடு வந்தாய். மரத்தடியில் உட்கார்ந்தாய். நான் பெருமையாக நடந்ததையெல்லாம் சொன்னேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கண் கலங்கியிருந்தது. நான் இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிட்டாய் என்று புரிந்தது. திருத்தவில்லை. எப்படித் திருத்துவது?

அப்போது ஜன்னலிலிருந்து பாக்கியம் கூப்பிட்டாள்.

"அப்பா, அது ஏன்ப்பா வாயில ஒண்ணுமில்லாம வருது?"

இரண்டு பேரும் பார்த்தோம். தாய் வந்தது, பொந்துக்குள் தலை நீட்டியது, குஞ்சுகள் கத்தின. கொடுக்க ஒன்றுமில்லை. மறுபடி பறந்தது. வெட்டிய தரையில் இறங்கி இப்படியும் அப்படியும் ஓடியது. புரட்ட ஓர் இலை இல்லை.

"வீட்டை விட்டு வச்சு அடுப்படியை எடுத்துட்டாங்கண்ணே," என்றாய் மெதுவாக.

எனக்குச் சுருக்கென்றது. மரம் இருந்தால் போதும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் டின் கட்டிய அதே புத்திதான். அது நடந்து போகிற தரை, புரட்டுகிற சருகு, ஒளிகிற புதர், குளிக்கிற குட்டை, இதெல்லாம் சேர்ந்துதான் அதற்கு வீடு என்று, வருஷக்கணக்காகப் பக்கத்திலேயே பார்த்தும் எனக்கு ஏறவில்லை.

நீ என் கொல்லையைப் பார்த்தாய். உடனே வேறு பக்கம் பார்த்தாய்.

"என்ன பார்க்கிறே?"

"ஒண்ணுமில்லேண்ணே."

"சொல்லித் தொலை."

"உங்க கொல்லைய அவங்க பார்த்துட்டுப் போயாச்சு. இனிமே யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டாங்கல்ல…" என்று இழுத்தாய்.

அதற்கு மேல் நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். நான் பெருக்கிப் பெருக்கிக் கண்ணாடியாக வைத்திருந்த தரையைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன்.

"சாக்கு இருக்கா?" என்றேன்.

குவித்து வைத்த சருகையெல்லாம் நாம் இருவரும் சாக்குச் சாக்காகச் சுமந்து என் கொல்லையில் கொட்டினோம். ஒவ்வொரு சாக்கும் என் மானத்தின் மேல் விழுந்தது. அட்டையும் மண்புழுவும் மரவட்டையும் என் தரையில் ஓடின. உன் அக்கா கைவிளக்கோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஊரு சனமெல்லாம் குப்பைய வெளிய கொட்டும். இந்த வீட்டு ஆம்பள உள்ள கொட்டுறாரு. தம்பி, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"அண்ணன் ஐடியாதான்க்கா," என்றாய், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

மறுநாள் காலை முராய் என் கொல்லையில் இறங்கியது. என் கொல்லையில்! வாலைத் தூக்கி, நாலடி நடந்து, ஓர் இலையைப் புரட்டி, புழுவை எடுத்துக்கொண்டு பொந்துக்குப் போய், திரும்பி வந்து அடுத்த இலை. நான் மூச்சுவிடாமல் ஜன்னலில் குழந்தையின் பக்கத்தில் நின்றேன். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னாள்.

"அப்பா! மாமா வீட்டுக் குருவி நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கு!"

வேலி இல்லாத வேலிக்கு அந்தப் பக்கம் நீ பல் துலக்கிக்கொண்டிருந்தாய். வாயில் இருந்த தண்ணீரெல்லாம் சிரிப்பில் சிதறியது. நானும் சிரித்தேன். எந்த அளவுக்கு மனசாரச் சிரித்தேன் என்று கேட்காதே.

குஞ்சுகள் பிழைத்தன. ஒன்று முதல் முதலாகப் பறந்து என் துணிக்கொடியில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு உன் பக்கம் மறுபடி புதர் கிளம்பியது, நானும் என் கொல்லையின் கடைசிப் பகுதியைப் பெருக்காமல் விட்டேன். விருந்தாளிகளைக் கொல்லைக்கு அழைத்துப் போவதை நிறுத்திக்கொண்டேன். பாக்கியம் நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்ததும் பை என் வீட்டில், ஆள் உன் வீட்டில்.

ஆனாலும் நாம் இரண்டு பேர் விட்டு வைத்த இடம் எவ்வளவு? களிமண் பள்ளங்களை மண் போட்டுத் தூர்த்தார்கள், கட்டடங்கள் எழும்பின. முதலில் கானாங்கோழி போயிற்று. அப்புறம் மீன்கொத்தி. உடும்பு எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு காற்று மழையில் பலாமரம் விழுந்தது. அந்தப் பருவம் முராய் வந்து, மரம் இருந்த வெற்றிடத்தைச் சுற்றி இரண்டொரு நாள் பாடிவிட்டு, எங்கோ போயிற்று. உன்னையும் கிள்ளானுக்கு மாற்றிவிட்டார்கள்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, கரிப் புகை குடித்த நெஞ்சு உனக்குப் பேச்சையே அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போதும் நக்கல் குறையவில்லை.

"அண்ணே, உங்க மரம் எப்படி இருக்கு?"

"விழுந்து எத்தனை காலமாச்சு. தெரியாத மாதிரி கேக்குறே."

"வெறகுக்கு வச்சிருந்தீங்களே. எரிச்சீங்களா?"

நீ மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய்: "அந்த மண்டோரை அப்புறம் ஒரு நாள் வண்டியில பார்த்தேன். 'என்னோடது'ன்னு சொன்னப்ப கிராணியார் மூஞ்சி மாப்பிள்ளை மூஞ்சி மாதிரி இருந்துச்சுன்னாரு. அந்த மூஞ்சியப் பார்க்கக் குடுத்து வைக்கலையேன்னு எனக்கு வருத்தம்."

ஆக உனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்து, என் பொறாமையையும் உன் கொல்லையில் ஒரு பிராணியாக மேய விட்டிருக்கிறாய். விரட்டவும் இல்லை, கூண்டு போடவும் இல்லை.

உன் அடக்கத்தன்றைக்கு மாதா கோயிலில் நிற்க இடமில்லை. இன்ஜின்காரர்கள், கிராமத்து மலாய்க்காரர்கள், யாரென்றே தெரியாத பிள்ளைகள். பாக்கியம் தேம்பித் தேம்பி அழுதாள். நான் அழுதுகொண்டே, என் சாவுக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வராது. பார் தம்பி, உன்னைப் பார்த்து எனக்கு எதற்கெல்லாம் வயிறு எரிந்திருக்கிறது!

பென்ஷன் ஆனதும் செராஸ் பக்கம் இந்தச் சின்ன வீட்டைப் பார்த்தோம். உன் அக்கா கிணற்றைப் பார்த்தாள், சமையல்கட்டைப் பார்த்தாள். நான் நேரே கொல்லைக்குப் போனேன். பொந்து விழுந்த ஒரு கிழட்டு மாமரம் நின்றது. "அது காய்க்காதுங்க, வெட்டிக் குடுத்திடறேன்," என்றார் வீட்டுக்காரர். "தொடாதீங்க, அது என்னோடது," என்றேன், வீட்டை வாங்குவதற்கு முன்பே. இலையைப் பெருக்கவில்லை. பாத்தி ஓரத்துப் புதரைத் தொடவில்லை. உடைந்த ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கொசு தங்காதபடி தினமும் மாற்றினேன். செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது! நீ எப்படித்தான் சமாளித்தாயோ.

இந்தப் பருவம் அது வந்தது. அதே கறுப்பு வெள்ளை, அதே தூக்கிய வால். மாமரத்து உச்சியில் ஏறிப் பாடிய முதல் விடியலில் நான் படுக்கையிலிருந்து எழுந்து ஓடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்த வேண்டும் போல் இருந்தது. 'பார்த்தியா, என் வீட்டுக்கு வந்திருக்கு!' அந்தப் பக்கம் வேறு யாரோ பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டேன் தம்பி. ஆனால் வயிறெரிய ஆளில்லாத ஜெயிப்பு உப்பில்லாக் கஞ்சி மாதிரி இருக்கிறது.

கிள்ளானில் கட்டிக்கொடுத்த பாக்கியம் இன்றைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். குருவி வந்திருக்கும் சேதியை நான் அவளிடம் மூச்சுவிடவில்லை. வந்து தானாகப் பார்க்கட்டும், தானாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் வருகிறாள் என்று உன் அக்கா நேற்று என்ன செய்தாள் தெரியுமா? கொல்லை முழுவதையும் பெருக்கிக் கூட்டி நெருப்பு வைத்துவிட்டாள். சாயங்காலம் நான் பார்த்தபோது முராய் வெறும் தரையில், வெறும் வாயோடு ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் விடிந்ததும் சாக்கு, செராஸ் ரோடு, மற்றதெல்லாம்.

மத்தியானம் பாக்கியம் வந்தாள். சாப்பிட்டோம். கோப்பிக் கிளாஸோடு பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என் சட்டையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, "என்னப்பா இது, எங்க போய் உருண்டீங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வெளியே சருகு சலசலத்தது. கொட்டி வைத்த குவியலில் அது இறங்கியிருந்தது. ஓர் இலையைப் புரட்டியது. புழு. மாமரத்துப் பொந்துக்கு ஒரு நடை. பிறகு உச்சிக்குப் போய், தொண்டை வீங்கப் பாடியது.

பாக்கியம் கிளாஸைக் கீழே வைத்தாள். அம்மை இறங்கிய அந்த வயசில் பிடித்த மாதிரியே ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா! மாமா வீட்டுக் குருவி!"

நான் வாயைத் திறந்தேன். மாமா வீடு எங்கேம்மா இருக்கு? அந்தக் கொல்லை போயிற்று, அந்த மரம் போயிற்று. இந்த மரம் நான் தேடிப் பிடித்தது, இந்த இலை என் தோளில் வந்தது, பாதி வழியில் சிந்தினாலும் வந்தது. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. நீ வேலிக்கு அந்தப் பக்கம், வாயில் தண்ணீரோடு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "அதேதான்."

விழுங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: நம்ம வீட்டுக் குருவின்னு ஒரே ஒரு தடவை சொல்லேன், பாப்பா.